கேபிளை மாற்றாமல் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள்

சென்ற வாரம் ஒருவர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை என் மேசையில் வைத்தார். உள்ளே எட்டு வருடக் குடும்பப் படங்கள். "டிஸ்க் போயிடுச்சு சார். எஃப்எஸ்சிகே மூணு தடவை ஓட்டினேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாகுது" என்றார். எஃப்எஸ்சிகே (fsck) என்பது லினக்ஸில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கட்டளை. எல்லாக் கேள்விக்கும் தானே 'எஸ்' சொல்லும் மைனஸ் ஒய் போட்டு ஓட்டினீர்களா என்று கேட்டேன். "ஆமா, ஒவ்வொரு கேள்விக்கும் உட்கார்ந்து யார் எஸ் அடிக்கிறது?"

என்னிடமிருந்த கேபிளில் மாட்டினேன். டிஸ்க் ஒழுங்காகச் சுற்றியது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொடுத்துப் பார்த்தால், கெட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகளை) எண்ணும் 5, 197, 198 மூன்று எண்களிலும் பூஜ்யம். முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்கவிட்டேன், ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. டிஸ்க் போகவே இல்லை. போயிருந்தது அவருடைய கேபிள். ஆனால் இடம் தெரியாத கோப்புகளை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரைத் திறந்தால் #131074, #131075 என்று பெயரிழந்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது டிஸ்க் இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஃப்எஸ்சிகே டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் கருவி இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் கணக்கை மட்டும்தான் அது சரிபார்க்கும். டிஸ்க் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பித்தான் அந்த வேலையைத் தொடங்குகிறது. கேபிள் ஆட்டம் கண்டு நடுவில் ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் போனால், எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துக்கான எஃப்எஸ்சிகே இரண்டு கேள்விகள் கேட்கும். பிழையைப் பொருட்படுத்தாமல் போகலாமா? அந்த பிளாக்கை வலுக்கட்டாயமாகத் திருப்பி எழுதலாமா? மைனஸ் ஒய் போட்டிருந்தால் இரண்டுக்கும் 'சரி' என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். படிக்க முடியாத இடத்தில் அதன் கையில் இருப்பது பெரும்பாலும் பூஜ்யங்கள்தான். அடுத்த நொடி கேபிள் சரியாகப் பிடித்துக்கொண்டால் அந்தப் பூஜ்யங்கள் நல்ல தகவலின் மேல் போய் உட்காரும். ஒரு டைரக்டரியே அப்படி அழிந்தால், அதிலிருந்த கோப்புகள் பெயரில்லாமல் நிற்கும். மூன்று தடவை ஓட்டினால் மூன்று தடவை இந்த ஆபத்து.

பெட்டிக்குள் இருப்பது ஒரே பொருள் என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. டிஸ்க் வேறு, அதை யுஎஸ்பியோடு பேசவைக்கும் சின்ன கன்ட்ரோலர் போர்டு வேறு. அதற்கு வெளியே கேபிள், போர்ட், மின்சாரம். கெட்டுப்போக நாலைந்து இடம் இருக்கும்போது எல்லோரும் பழிபோடுவது டிஸ்க்கின் மேல்.

யாரைச் சந்தேகிப்பது என்று லினக்ஸின் மையமான கெர்னலே சொல்லிவிடும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைத் (dmesg) திறந்து வைத்துக்கொண்டு டிஸ்க்கைச் செருகுங்கள். 'ரீசெட் சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்', 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்', எரர் -71, எரர் -110 என்று வந்தால் முதலில் கேபிள், போர்ட், மின்சாரம், பிறகு கன்ட்ரோலர். 'க்ரிட்டிக்கல் மீடியம் எரர்', 'அன்ரெக்கவர்ட் ரீட் எரர்' என்று வந்தால்தான் டிஸ்க். வெறும் 'ஐஓ எரர்' வரியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், அது இரண்டிலும் வரும். இணைப்பு அறுந்து ஒட்டினால் டிஸ்க்குக்கு லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிபி (sdb) என்று இருந்தது எஸ்டிசி (sdc) ஆகியிருக்கும். பழைய மவுண்ட் (டிஸ்க்கை ஒரு ஃபோல்டராகத் திறந்து வைத்த இணைப்பு) செத்த பெயரைப் பிடித்துக்கொண்டு எதைத் தொட்டாலும் பிழை காட்டும். அதைப் பார்த்து டிஸ்க் செத்துவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யுஎஸ்பி 2 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளுக்கு இதைவிட அதிகம் கேட்பதுண்டு. கிடைக்காவிட்டால் டக்... டக்... என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும். டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் உடைந்த சத்தமும் ஏறக்குறைய இதேதான். அதனால் ஹப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நேரடிப் போர்ட்டில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். அப்போதும் டக் டக் என்றால் உடனே பிடுங்குங்கள். மறுபடி மாட்டிச் சோதிக்காதீர்கள்.

கேபிளும் போர்ட்டும் மாற்றியும் ரீசெட் நிற்கவில்லையா? சில கன்ட்ரோலர்களுக்கு யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறை ஒத்துவராது. அந்தச் சாதனத்துக்கு மட்டும் குவிர்க் என்ற விதிவிலக்கு கொடுத்து யுஏஎஸ்ஸை நிறுத்தினால் வேகம் குறையும், ஆனால் நிலைத்து நிற்கும். பெட்டியை உடைத்து டிஸ்க்கை நேரே மதர்போர்டில் மாட்டுவது கடைசி வழி. சில கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்தே எழுதும், சில செக்டர் அளவை மாற்றிக் காட்டும். வெளியே எடுத்தால் பார்ட்டிஷனே தெரியாது. 'காலியாக இருக்கிறதே' என்று புதிதாகப் பார்ட்டிஷன் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. பெட்டியைக் குப்பையிலும் போடாதீர்கள்.

மீடியம் எரர்தான் என்றால் எழுதுவதை அடியோடு நிறுத்துங்கள். மவுண்டே வேண்டாம். 'படிக்க மட்டும்' என்று சொல்லும் ஆர்ஓ போட்டு மவுண்ட் செய்தால் எதுவும் எழுதாது என்பதும் நம்பிக்கைதான். எக்ஸ்ட்4 அப்போதும் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை) டிஸ்க்கில் எழுதி முடிக்கப் பார்க்கும், நோலோட் என்ற ஆப்ஷனும் சேர்த்தால்தான் சும்மா இருக்கும். ஸ்மார்ட்டில் 'பாஸ்ட்' என்று வந்ததே என்று என்னிடம் வாதாட வேண்டாம். அது எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, 197-ல் இருநூறு இருந்தாலும் பாஸ்தான் போடும். கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து, எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலோடு, வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். முதல் சுற்றில் மைனஸ் என் போட்டு எளிதில் வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளுங்கள். அடம்பிடிக்கும் இடங்களை அப்புறம் பார்க்கலாம். எஃப்எஸ்சிகே ஓட்டியே தீருவேன் என்றால் அந்த நகலின் மேல் ஓட்டுங்கள், அதுவும் இன்னொரு நகல் எடுத்த பிறகு.

இதில் எதுவும் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, எதையும் தொடாமல் கொண்டு வாருங்கள். வரும்போது டிமெசேஜ் வரிகளை ஒரு கோப்பில் சேமித்து எடுத்து வாருங்கள். கேபிளையும் மறக்க வேண்டாம். டிஸ்க்கை மட்டும் தந்தால் என் கேபிளில் அது நன்றாகவே ஓடும், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய் அதே பழைய கேபிளில் மாட்டுவீர்கள்.