சாம்பிள்னா "மாதிரி"யா? ஜே-ஸீயோட 4:44 கேட்டதுல வந்த ஒரு சொல் சந்தேகம்

போன வாரம் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான், காலேஜ் ரெண்டாவது வருஷம், சரியான ராப் வெறியன். அமெரிக்க ராப்பர் ஜே-ஸீயோட 4:44 ஆல்பத்துல இருந்து "த ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே." போட்டுவிட்டேன். பாதியில நிறுத்திட்டு கேக்குறான், "அண்ணா, பின்னாடி ஒரு அம்மா குரல் வருதே யாரு அது?" நீனா சிமோன்னு அமெரிக்கப் பாடகிடா, 1966ல வந்த "ஃபோர் விமன்", அதுல இருந்து எடுத்ததுன்னேன். "அப்போ சுட்ட பாட்டா?" சுட்டது இல்லடா, சாம்பிள். "சாம்பிள்னா தமிழ்ல என்னண்ணா?" யோசிக்காம "மாதிரி"ன்னு சொல்லிட்டேன், சொன்ன வாய மூடுறதுக்குள்ள தப்புன்னு உறைச்சிருச்சு. அந்தக் கடுப்புல எழுதுறதுதான் இது.

சாம்பிள் நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. துணிக்கடையில சாம்பிள் பீஸ், மெடிக்கல் ரெப் டாக்டர் டேபிள்ல வச்சிட்டுப் போற சாம்பிள் மாத்திரை, பட்டாசு வாங்குற அன்னைக்கே சாம்பிளுக்கு ரெண்டு வெடிக்கிறதுன்னு வாயில ஊறிப்போன சொல்லு. இதுக்கெல்லாம் மாதிரின்னு போட்டா ஓரளவு ஒட்டும். ஆனா லேப்ல ஒரு தடவை "ரத்த மாதிரி சேகரிக்குமிடம்"னு போர்டு பாத்தேன், எனக்கு சிரிப்பு தாங்கல, ஏன்னா நம்ம பேச்சுல மாதிரின்னா "போல"ன்னு அர்த்தம். அவன் மாதிரி இவன், அந்த மாதிரி இந்த மாதிரி. ரத்த மாதிரின்னா ரத்தம் போல ஏதோ ஒண்ணுன்னு காதுல விழுது. ஊசி போட்டு உறிஞ்சுனது என் ரத்தமேதான், ரத்தம் மாதிரி இருக்குற தக்காளி சாஸ் இல்ல.

பாட்டுல வர்ற சாம்பிளும் ரத்த சாம்பிள் கதைதான். நீனா சிமோன் மாதிரி யாரோ பாடல, அவங்களே அந்தக் காலத்துல மைக் முன்னாடி விட்ட மூச்சு 2017ல வந்த ரெக்கார்டுக்குள்ள இருக்கு. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு பாட்டி சொல்ற பழமொழியிலயும் அந்த ஒரு சோறு அதே பானையில இருந்துதான் வந்தாகணும், பக்கத்து வீட்டுப் பானையில எடுத்துப் பாத்தா பதம் தெரியாது.

இப்ப சொல்லோட பூர்வீகத்துக்கு வருவோம். இங்கிலீஷ்காரங்களுக்கு சாம்பிள் பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது, அங்க எஸ்ஸாம்ப்ள். அதுக்கும் மேல போனா லத்தீன்ல எக்ஸெம்ப்ளும், எக்ஸாம்பிளும் இதே வயித்துல பொறந்ததுதான். எக்ஸெம்ப்ளும் எதுல இருந்துன்னா எக்ஸிமெரேங்கற வினையில இருந்து: எக்ஸ்னா வெளியே, எமெரேன்னா எடுக்குறது. ஆக சாம்பிள்னா அடியில கிடக்குற அர்த்தம் "ஒரு மொத்தத்துல இருந்து வெளிய எடுத்தது". நாம எக்ஸாம்பிளுக்கு எடுத்துக்காட்டுன்னு வச்சிருக்கோம் பாருங்க, லத்தீன்காரனும் நம்மாளும் ஒரே எடுவுல தொடங்கியிருக்காங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. இன்னொரு விஷயம், அந்த எமெரே முதல்ல எடுக்குறதுன்னு இருந்து பின்னால "காசு குடுத்து வாங்குறது"ன்னு மாறிப்போச்சு. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, கோர்ட்டு கதை வரும்போது தேவைப்படும்.

இசைக்கு இந்தச் சொல்லு மெஷின் வழியா வந்தது. தொழில் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, எழுபதுகள்ல நியூயார்க் பிராங்ஸ்ல டிஜே கூல் ஹெர்க் ஒரே ரெக்கார்டை ரெண்டு தட்டுல போட்டு, டிரம்ஸ் மட்டும் வர்ற துண்டை மாத்தி மாத்தி ஓடவிட்டு ஆட வச்சாரு, ஆனா அதை யாரும் சாம்பிள்னு சொல்லல, பிரேக்னாங்க. 1979ல ஆஸ்திரேலியாவுல ஃபேர்லைட்னு ஒரு கம்ப்யூட்டர் கீபோர்டு வந்துச்சு, வெளியில கேக்குற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி கட்டையில அமுக்கி வாசிக்கலாம், அதைச் செஞ்ச பீட்டர் வோகலும் கிம் ரைரியும்தான் இதை சாம்பிள்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. விலையைக் கேட்டா மயக்கம் வரும், பணக்கார ஸ்டுடியோக்காரங்க சாமான். அப்புறம் எண்பதுகள் கடைசியில எஸ்பி-1200, எம்பிசி-60ன்னு பெட்டிகள் வந்ததும் ராப் பசங்க கைக்கு எட்டிருச்சு. இன்ஜினியருங்க சொல்ற சாம்பிள் வேற, சிடியில ஒரு செகண்டுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து வைக்கிறாங்கல்ல, அதுல ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள், அங்க மாதிரின்னே சொல்லிட்டுப் போங்க, நான் சண்டைக்கு வரல.

4:44க்கு வருவோம், சொல்லுக்கு அர்த்தம் முழுசா விளங்குனது எனக்கு அங்கதான். 2017 ஜூன் 30ல வந்தது, ஜே-ஸீக்கு அது பதிமூணாவது ஸ்டுடியோ ஆல்பம், வயசு 47, முதல் ஆல்பம் 1996ல. ராப்ல அந்த வயசுல புதுசா சொல்ல என்னடா இருக்குன்னு எல்லாரும் நெனைக்கிற வயசு. முந்தின வருஷம் ஏப்ரல்ல பொண்டாட்டி பியான்ஸே "லெமனேட்" போட்டு, வீட்டுக்குள்ள நடந்த துரோகத்தை ஊரே கேக்கப் பாடி முடிச்சாச்சு, எல்லார் கண்ணும் இவர் மேல. இவரு சிகாகோக்காரரு, இசை தயாரிப்பாளர் நோ ஐ.டி.யோட உக்காந்தாரு, ராப்பர் கன்யே வெஸ்ட்டுக்கு ஆரம்பத்துல தொழில் கத்துக்குடுத்த ஆளு அவரு. ஆல்பம் முழுக்க அந்த ஒருத்தர் கைதான், பத்தே பாட்டு, நாப்பது நிமிஷம்கூட இல்ல. நோ ஐ.டி. செஞ்ச காரியம் என்னன்னா, உனக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் அனுப்புன்னு ஜே-ஸீகிட்டயே வாங்கி, அவர் கேட்டு வளந்த பாட்டுகள்ல இருந்தே துண்டு எடுத்துப் பின்னினாரு. ஸ்டீவி வொண்டர், டானி ஹாத்தவே, கிளார்க் சிஸ்டர்ஸ், நீனா சிமோன் ரெண்டு தடவை. அந்த வருஷம் திரும்புன பக்கமெல்லாம் டிராப்ங்கற ராப் வகையோட பீட் தட்டிக்கிட்டு இருந்தப்ப, இவங்க அப்பா காலத்து ரெக்கார்டு பெட்டியைத் திறந்து உக்காந்திருக்காங்க.

டைட்டில் பாட்டுல ஹன்னா வில்லியம்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் பாடகி குரல். பெரிய பேர் எல்லாம் கிடையாது, 2016ல வந்த பாட்டு, உன்னை நல்லபடியா நான் நடத்தவே மாட்டேன் போலன்னு தப்பு செஞ்சவளே ஒத்துக்கிட்டு அழுற பாட்டு. நோ ஐ.டி. அதை எடுத்து பீட்டா பண்ணி ஜே-ஸீ முன்னாடி வச்சாரு, இதைக் கேட்டுட்டு நீ வேற எதைப் பத்தி எழுதுவேன்னு சுவத்தோரமா நிறுத்துன கதைதான். ஜே-ஸீ ஒரு நாள் விடியக்காலை 4:44க்கு முழிப்பு வந்து எழுதுனேன்னு சொன்னாரு, பாட்டு ஓடுற நேரமும் 4 நிமிஷம் 44 செகண்டு. அதுல அவரு மன்னிப்பு கேக்குறாரு, ஆனா முதல்ல மன்னிப்பு கேட்டது அந்த சாம்பிள். எங்கயோ ஒரு பொம்பள தன் தப்பைச் சொல்லி அழுததை எடுத்து, இந்த ஆம்பள வாயைத் திறக்க வச்சிருக்காங்க.

"த ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே."ல நடந்ததை இன்னும் கிட்டப் போய்ப் பாக்கணும். நீனா சிமோன் பாட்டுல நாலு பொம்பளைங்க, ஒவ்வொருத்தியும் தன் தோல் நிறத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பா, ஒருத்தி கறுப்பு, அடுத்தவ மஞ்சள், அப்படியே போகும். நோ ஐ.டி. அதை வெட்டுன விதம் இருக்கே: தோலுங்கற சொல்லு திக்கித் திக்கி வருது, வாக்கியம் முடியறதுக்குள்ள வெட்டு, மறுபடி தோலு, அப்புறம் கறுப்பு, ஒரு வெட்டு, அடுத்த சரணத்துல பல வரி தள்ளி இருந்த மஞ்சள் இங்க பக்கத்துலயே வந்து உக்காருது. மூலப் பாட்டுல நாலு பேருக்கு நாலு கதை, இங்க கறுப்பும் மஞ்சளும் ஒரே மூச்சுல. மேல ஜே-ஸீ சொல்றதும் அதேதான், மாநிறமோ கருநிறமோ ஏழையோ பணக்காரனோ கடைசியில அமெரிக்கா உன்னை ஒரே பேரு வச்சுத்தான் கூப்பிடும்னு. வெறுமனே எடுத்து ஒட்டுனா இது வராது, எடுத்ததை ஆளணும். இந்த "ஆளணும்"தான் நான் தேடுன தமிழ்ச் சொல்லுக்கு சாவி.

அதுக்கு முன்னாடி மத்த சொல்லுங்களைத் தள்ளிவிட்டுடுறேன். சுட்டது, காப்பி, ஈயடிச்சான் காப்பி எல்லாம் திட்டு, அதுவும் நாம டியூனை சுட்டதுக்குத் திட்டுறது, இங்க எடுத்தது ரெக்கார்டையே. மேற்கோள் நெருங்கி வருது, ஆனா மேற்கோளைக் காட்டிட்டு நகந்துருவோம், அது மேல வீடு கட்ட மாட்டோம். இடைச்செருகல்னு சில பேரு போடுறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அது கம்பன் பாட்டுக்கு நடுவுல எவனோ தன் சரக்கை நுழைச்சதுக்குச் சொல்றது, அதாவது தன்னோடதை அடுத்தவன் வீட்டுல வைக்கிறது. சாம்பிள் நேர் எதிரு, அடுத்தவங்களோடதை தன் வீட்டுல, அதுவும் நடுக்கூடத்துல வைக்கிறது.

நம்மகிட்ட எடுத்தாளுதல்னு அருமையான சொல்லு சும்மா கிடக்கு. எடுத்து, ஆளுதல். தமிழ் வாத்தியாருங்க "இந்தக் குறளை அவர் எடுத்தாண்டிருக்கிறார்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. சும்மா பேருக்கு இல்ல, தொழிலே நம்மாளுங்ககிட்ட இருந்துச்சு. மணிமேகலை 22வது காதையில சாத்தனார் வைக்கிற அடி: "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் பெருமழை என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்". குறள் 55ஐ அப்படியே தூக்கி வச்சிருக்காரு (கருத்து எனக்கு ஒத்துக்காது, அது வேற பஞ்சாயத்து). குறள்ல "பெய்யும் மழை"ன்னு முடியும், இங்க "பெருமழை". ஏன்னா குறள் வெண்பாவுக்குக் கடைசிச் சீர் குட்டையா நின்னாப் போதும், ஆசிரியப்பாவுல அடி நடுவுல முழுச் சீர் வேணும், அதனால ஒரு "பெரு" போட்டு இழுத்துட்டாரு. பழைய ரெக்கார்டைப் புது பீட்டுக்கு ஒத்துப்போக நீட்டி சுருக்குற வேலை இதேதான் சாமி! அதோட, பொய்யில் புலவன் சொன்னதுன்னு கிரெடிட்டும் குடுத்தாச்சு.

அப்ப மாதிரிங்கற சொல்லுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. ரெக்கார்டைத் தொடாம அதே வரியைத் தானே திரும்பப் பாடிச் சேக்குறது தனி சமாச்சாரம், இன்டர்பொலேஷன்னு சொல்லுவாங்க, இது நிஜமாவே "மாதிரி". 4:44லயே ரெண்டும் ஒரே பாட்டுல கிடைக்குது. 1966ல ஜமைக்காவுல டூட்ஸ் கோஷ்டி "பாம் பாம்"னு பாடி அந்த வருஷத் திருவிழாப் பாட்டுப் போட்டியில ஜெயிச்சாங்க, 1982ல சிஸ்டர் நான்ஸி அந்தப் பல்லவியைத் தன் குரல்ல பாடுனாங்க, அது மாதிரி. 2017ல ஜே-ஸீ "பாம்"ங்கற பாட்டுல நான்ஸி குரலையே தூக்கிப் போட்டாரு, அது எடுத்தாளல். ஆக சாம்பிளிங் எடுத்தாளுதல், எடுத்த அந்தத் துண்டுக்கு ஒலித்துணுக்குன்னு சொல்லலாம், துணுக்குன்னாலே போதும். பேச்சுல நான் சாம்பிள்னுதான் சொல்லுவேன், நீங்களும் சொல்லுவீங்க, எழுத்துல தமிழ் வேணும்னா மாதிரியை விட்டுட்டு இதைப் போடுங்கன்றேன், அவ்வளவுதான்.

லத்தீன் எமெரே எடுக்குறதுல இருந்து வாங்குறதா மாறுச்சுன்னு சொன்னேன்ல. ராப்லயும் அச்சா அதேதான் நடந்துச்சு. ஆரம்பத்துல எடுத்தாங்க, யாரும் கேக்கல. 1991ல ராப்பர் பிஸ் மார்க்கீ ஒரு பழைய பாட்டோட துண்டை அனுமதி இல்லாம போட்டதுக்கு நியூயார்க் ஜட்ஜு தீர்ப்பை "திருடாதிருப்பாயாக"ன்னு பைபிள் வசனத்துல ஆரம்பிச்சாரு, அதோட கிளியரன்ஸ், அதாவது காசு குடுத்து அனுமதி, வாங்காம எவனும் தொட முடியாதுன்னு ஆச்சு. ஜே-ஸீயும் தப்பல, "பிக் பிம்பின்" பாட்டுல வர்ற 1957 எகிப்துப் பாட்டோட குழலிசைக்காக 2007ல போட்ட கேஸ் 2015 வரைக்கும் இழுத்து, அப்புறம்தான் தள்ளுபடி ஆச்சு. அவரு பாட்டுக்குள்ள ஒரு தமிழச்சி குரலும் துணுக்கா இருக்கு தெரியுமா, 2008ல வந்த "ஸ்வாகா லைக் அஸ்"ல ஓடுறது ஈழத்து மாயா அருள்பிரகாசம், அதான் எம்.ஐ.ஏ., "பேப்பர் பிளேன்ஸ்"ல பாடுன வரி. அந்த "பேப்பர் பிளேன்ஸ்" இசையே த கிளாஷ்ங்கற பிரிட்டிஷ் ராக் கோஷ்டியோட பழைய பாட்டுல எடுத்தது. எம்.ஐ.ஏ. தளபதியில வர்ற "காட்டுக்குயிலு"வை எடுத்தாண்ட கதை நம்மாளுங்களுக்கு மனப்பாடம்.

4:44ஐ உலகம் எப்படி வாங்கிக்கிச்சுன்னா, விமர்சகருங்க வாரி அணைச்சுக்கிட்டாங்க, "ஓ.ஜே."ல யூதர்களைப் பத்தி வந்த ஒரு வரிக்கு மட்டும் கண்டனம் எழுந்துச்சு. முதல்ல டைடல்ங்கற பாட்டு ஆப், ஸ்பிரிண்ட்ங்கற ஃபோன் கம்பெனி வாடிக்கையாளருங்களுக்கு மட்டும் விட்டு, ஒரு வாரத்துக்குள்ள பிளாட்டினம், ஆனா ஸ்பிரிண்ட் சும்மா குடுத்ததை பில்போர்டு விற்பனைப் பட்டியல் கணக்குல சேக்கல, வெளிய விட்டதும் 2,62,000 யூனிட்டோட நம்பர் ஒன். கிராமியில அந்த வருஷம் எல்லாரையும் விட அதிகமா எட்டு நாமினேஷன், கிடைச்சது சைபர். அந்த எட்டுல மூணு "ஓ.ஜே." பாட்டுக்கு.

சித்தி பையன் கிளம்பும்போது ஃபோன்ல அந்தப் பாட்டோட கிரெடிட்ஸைத் தேடிப் பாத்துட்டு இருந்தான். "அண்ணா, எழுதினவங்க லிஸ்ட்ல நீனா சிமோன்னு போட்டிருக்கு, அவங்க செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" 2003ல போனாங்கடான்னேன். "அப்போ ஆல்பம் வர்றப்ப பதினாலு வருஷம்"னு விரல் விட்டு எண்ணிட்டு, திரும்ப முதல்ல இருந்து போட்டான்.