எல்லாருக்கும் தோதான நேரம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கம் இப்போது ஒரே ஊரில் இருப்பதில்லை. தலைவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருப்பார், பொருளாளர் ரொறன்ரோவில், மற்றவர்கள் லண்டன், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று சிதறியிருப்பார்கள். "வாற ஞாயிறு கூட்டம் வைப்பமே?" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டால் பதில்கள் குவியும், நேரம் மட்டும் முடிவாகாது. இந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தால் அது என்ன செய்யும்?

முதற்பாதி மிக இலகு. ஒரு வாரத்தை அரைமணித் துண்டுகளாக வெட்டினால் 336 கட்டங்கள் வரும். ஆள் ஓய்வாக இருக்கும் கட்டத்துக்கு 1, வேலையாக இருக்கும் கட்டத்துக்கு 0. எழுதிய கண்ணாடித் தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடிப்பதுபோல, கணினி எல்லாருடைய வரிசைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாரிடமும் 1 உள்ள கட்டங்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. முழு மணியாக வெட்ட முடியாததற்கு நாங்களே காரணம்: இலங்கை நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நேபாளத்திலிருந்து ஒருவர் சேர்ந்தால் அங்கே ஐந்தேமுக்கால். கால்மணித் துண்டுகள் வேண்டும், கட்டங்கள் 672 ஆகும்.

வெவ்வேறு நிறுவனங்களின் நாள்காட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1998 முதல் 'ஐகலண்டர்' என்ற பொது வடிவம் இருக்கிறது. அதன்படி ஒருவர் எப்போது ஓய்வு, எப்போது வேலை என்பதை மட்டும் அனுப்பினால் போதும். டொக்டரிடம் போகிறாரா, சம்பந்தம் பேசப் போகிறாரா என்பது வெளியே வராது. ஆனால் நாள்காட்டியில் எதையுமே குறிக்காத ஐயா கணினியின் கண்ணில் எந்நேரமும் சும்மா இருப்பவர்தான்.

ஆட்கள் கூடக்கூட என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பாதிக் கட்டங்கள் ஓய்வு என்றும், ஒருவர் ஓய்வுக்கும் மற்றவர் ஓய்வுக்கும் தொடர்பில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பத்துப் பேரும் ஒரே கட்டத்தில் ஓய்வாக இருக்கும் வாய்ப்பு 1024-இல் ஒன்று. வாரத்தில் இருப்பதோ 336 கட்டங்கள். ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதே பெரும்பாலும் நடக்கும்.

தூரம் இதை இன்னும் இறுக்குகிறது. காலை 7 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று சங்கம் முடிவெடுக்கிறது. யூலையில் ரொறன்ரோவின் காலை 7 மணி நமக்குப் பின்னேரம் 4.30, மெல்பேர்ணின் இரவு 10 மணி நமக்கு 5.30. ஆக, கிடைப்பது சரியாக ஒரு மணித்தியாலம். ஞாயிறென்றால் அதுவும் ராகுகாலத்துக்குள் விழுகிறது! ஜனவரியில் கனடா கடிகாரத்தைப் பின்னால் தள்ளியிருக்கும், மெல்பேர்ண் முன்னால் தள்ளியிருக்கும். ரொறன்ரோவுக்கு விடிவதற்குள் மெல்பேர்ண் படுத்துவிடும். பொதுவான நேரமே இல்லை.

கணக்கின் சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. 'முடியாது' என்பதையும் 'விருப்பமில்லை' என்பதையும் மென்பொருள் பிரித்து வைக்கிறது. முதலாவது உடைக்க முடியாத தடை. இரண்டாவதற்குத் தண்டப்புள்ளி: இரவு 11 மணிக்கு இத்தனை, காலை 6 மணிக்கு இத்தனை. புள்ளி குறைந்த நேரம் வெல்லும். ராகுகாலத்துக்கு எவ்வளவு என்பதைச் சங்கம்தான் சொல்லவேண்டும். மாதாந்தக் கூட்டத்துக்குச் சிறிய தண்டம் போதும். அடிக்கல் நாட்டுவதென்றால் அது முழுத்தடை.

மொத்தப் புள்ளியை மட்டும் குறைக்கச் சொன்னால் ஒரு அநியாயம் நடக்கும். ரொறன்ரோவில் ஆறு பேர், மெல்பேர்ணில் ஒருவர் என்றால், மாதாமாதம் அந்த ஒருவரே நித்திரை முழிப்பார். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. அதிகம் கஷ்டப்படுபவரின் புள்ளியை முடிந்தவரை குறைக்கச் சொல்லலாம். அல்லது போன கூட்டங்களில் யார் எவ்வளவு சுமந்தார் என்பதை நினைவில் வைத்து, அவருடைய தண்டத்தை அடுத்தமுறை கூட்டலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நம் சங்கங்களுக்குப் பொருந்தும். ஆனால் பெரும்பாலான செயலிகள் பழசை நினைவில் வைத்திருப்பதில்லை.

ஒரு கூட்டமென்றால் எல்லாக் கட்டங்களையும் ஒன்றொன்றாகச் சோதித்துவிடலாம். ஒன்றோடொன்று ஆட்கள் பின்னிய பத்து உபகுழுக்களுக்கு நேரம் பார்க்கப்போனால், ஒவ்வொன்றுக்கும் 336 கட்டங்கள் என்பதால் சாத்தியங்கள் 26 இலக்க எண்ணாகிவிடும். பாடசாலை நேரசூசிக் கணக்கும் இதே இனந்தான். அதற்கு எப்போதும் வேகமாக விடை தரும் வழி எதுவும் அறியப்படவில்லை. அது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ஈவன், இத்தாய், ஷமிர் ஆகிய கணினி அறிஞர்கள் மூவர் 1976-இல் நிறுவினார்கள். ஆகவே மென்பொருள் ஆக இறுக்கமான குழுவை முதலில் இருத்தி, முட்டினால் பின்வாங்கி வேறு வழி பார்க்கிறது.

ஒவ்வொரு மாதமும் வரும் கூட்டத்தை எந்த ஊர் நேரத்தில் பதிவது என்பது தனிச் சிக்கல். மார்ச்சில் ரொறன்ரோ இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், லண்டன் கடைசி ஞாயிறு மாற்றும். இடையில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மணி அல்ல, நான்கு. கொழும்பு நேரத்தில் பதிந்தால் நமக்கு அசையாது. 1996-இல் இரண்டு தடவை மாறிய இலங்கை நேரம், 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பிய பின் மாறவில்லை. ஆனால் நேரவலயம் ஆளோடும் நகரும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் பொருளாளரின் விதிகள் ரொறன்ரோ நேரத்திலேயே கிடந்தால், பின்னேரம் 4.30 வரை அவர் நித்திரை என்றே கணினி நினைத்துக்கொண்டிருக்கும். நாள்காட்டிச் செயலியின் அமைப்புகளுக்குள் போய் ஊரை மாற்றிவிட வேண்டியதுதான்.