துலாம் ராசிக்காரருக்கு ஆஸ்பிரின் வேலை செய்யாதா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் ஒரு காகிதத்தோடு என்னைப் பார்க்க வந்தார். கூடவே அவருடைய மச்சானும், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும். மூவரும் தினமும் காலையில் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஷேர் மார்க்கெட் பேசுகிறவர்கள். காகிதத்தில் இருந்தது, ஒரு சின்ன பயோடெக் கம்பெனி பங்குச் சந்தைக்குக் கொடுத்திருந்த அறிவிப்பு. நான்கு பக்கம். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியின் கீழ் பச்சை மையில் கோடு போட்டிருந்தார்: 55 வயதுக்குக் கீழே இருந்த, நோய் மிதமாக இருந்த நோயாளிகளுக்கு 12 வாரத்தில் 62 சதவீத முன்னேற்றம்.

"மூணு நாளா அப்பர் சர்க்கியூட் சார், ஒரு நாளைக்கு ஏற விடற உச்சம் வரைக்கும் விலை ஏறிடுது. சீட்டு எடுத்த பணம் மூணு லட்சம் கையில இருக்கு. இந்த மருந்து வேலை செய்யுமா, செய்யாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அந்த மருந்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் பச்சைக் கோடு போட்ட அந்த மாதிரி வரி எப்படிப் பிறக்கிறது என்பது தெரியும். அது புரிந்துவிட்டால் முடிவை அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். புது மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். மருந்து ஆளைக் கெடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் சில நூறு பேர். நோயில் ஏதாவது அசைவு தெரிகிறதா என்று. மூன்றாவதில் பல நூறு, சில சமயம் பல ஆயிரம் பேர்; உண்மையிலேயே பலன் உண்டா என்று. முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெற்றுக் கடைக்கு வருகிறது. அதிகம் விழுவது இரண்டாம் கட்டத்தில். பெரிய மருந்து கம்பெனிக்கு ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கும். சின்ன பயோடெக் கம்பெனிக்குப் பெரும்பாலும் இருப்பதே அந்த ஒரு மருந்துதான். விற்பனை இல்லை, லாபம் இல்லை. பங்கின் விலை முழுக்க ஒரு ட்ரையல் ரிசல்ட்டின் மேல் நிற்கிறது.

சரி, ரிசல்ட்டை எப்படி எடை போடுகிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கடைசி வரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள்: மருந்தில் ஒரு சத்தும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்; அப்போதும் வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி மதிப்பு. அது 20இல் ஒன்றுக்கும் குறைவாக, அதாவது 0.05க்குக் கீழே இருந்தால், இது தற்செயலாக இருக்காது என்று மருத்துவ உலகம் மதிக்கத் தொடங்கும்.

இந்த 20இல் ஒன்று என்ற கணக்கு, ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை கேட்டால்தான் செல்லும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

கொருக்குப்பேட்டையில் சனிக்கிழமை மாலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் 40 பேர் கையிலும் ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து, ஐந்து முறை பூவா தலையா போடச் சொன்னேன். ஐந்து முறையும் தலை விழுந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒருவருக்கு அப்படி விழ வாய்ப்பு 32இல் ஒன்று. சுமார் 3 சதவீதம். அன்றைக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். வகுப்பே கைதட்டியது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பக்கத்தில் இருந்தவர்கள் "எப்படிப் போட்டே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் யோசித்து, "நான் இடது கையால போட்டேன்" என்றாள். பையன், கட்டைவிரல் நகத்தால் சுண்டியதாகச் சொன்னான். உடனே நாலைந்து பேர் இடது கைக்கு மாறினார்கள்; ஒருவன் நகத்தால் சுண்டிப் பழக ஆரம்பித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவள் உண்மையிலேயே இடது கையால்தான் போட்டிருந்தாள். முடிவு முதலில் வந்துவிட்டது. காரணம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 40 பேர் போட்டால் ஒருவருக்காவது ஐந்தும் தலையாக விழ வாய்ப்பு 72 சதவீதம். தனி ஆளுக்கு அபூர்வம். கூட்டத்தில் அது நடக்காமல் போனால்தான் கொஞ்சம் ஆச்சரியம். அப்புறம் நின்றிருந்த இருவரையும் மறுபடி ஐந்து முறை போடச் சொன்னேன். அதே இடது கை, அதே நகம். அவளுக்கு மூன்று தலை, அவனுக்கு இரண்டு. பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது நாணயத்தின் இடத்தில் நோயாளிகளை வையுங்கள். 300 பேர் கொண்ட ட்ரையல். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. சரி, பிரித்துப் பார்ப்போம். ஆண், பெண்: 2. வயது 55க்குக் கீழே, மேலே: 2. நோய் லேசு, மிதம், கடுமை: 3. மருந்தின் அளவு குறைவு, அதிகம்: 2. பார்க்கும் நேரம் 6 வாரம், 12 வாரம், 24 வாரம்: 3. எல்லாவற்றையும் பெருக்கினால் 72 துண்டு. மருந்து துளியும் வேலை செய்யாவிட்டாலும், இந்த 72இல் சராசரியாக மூன்று நான்கு துண்டுகள் 0.05 கோட்டைத் தாண்டிவிடும். அவற்றில் பாதி மருந்துக்குச் சாதகமாக இருக்கும். ஆக, கையில் ஒன்றிரண்டு 'வெற்றி' பெரும்பாலும் தயார்.

துண்டு சின்னதாக ஆக எண்ணும் வீங்கும். ஆட்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் தற்செயலின் ஆட்டம் இரண்டு மடங்காகிறது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட துண்டில் 8 சதவீத வித்தியாசம் கோட்டைத் தாண்டவே தாண்டாது. தாண்ட வேண்டுமானால் அது 50, 60 என்றுதான் இருந்தாக வேண்டும். அதனால் சின்னக் கூட்டத்தில் கிடைத்த பெரிய சதவீதத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடுவதில்லை, குறைகிறது.

இதை மருத்துவர்களுக்கே புரிய வைக்க ஒரு அருமையான காரியம் நடந்தது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைப்பார்களா என்று 17,187 பேரிடம் சோதித்தார்கள். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. சந்தேகத்துக்கே இடமில்லாத வெற்றி. கட்டுரையை வெளியிட இருந்த இதழ், வயது வாரியாக, நோய் வாரியாகப் பிரித்தும் காட்டுங்கள் என்று கேட்டது. ஆய்வாளர்கள் சம்மதித்தார்கள், ஆனால் பிறந்த ராசி வாரியாகவும் பிரித்துப் போடுவோம் என்றார்கள். போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் சற்று அதிகமாக இறந்திருந்தார்கள். மற்றப் பத்து ராசிக்காரர்களுக்கு நல்ல பலன். அது பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி, நம் ஊரில் நட்சத்திரம் பார்த்துச் சொல்லும் ராசி அல்ல. எந்த ராசியை வைத்துப் பிரித்திருந்தாலும் இப்படி ஏதாவது ஒன்று முளைத்திருக்கும். துலாம் ராசிக்காரருக்கு மாரடைப்பு வந்தால் ஆஸ்பிரினை மறுக்க எந்த மருத்துவரும் துணிய மாட்டார்.

இதைச் சொன்னபோது துறைமுக நண்பர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் இந்தப் பங்கை எந்த நாளில் வாங்குவது என்று ஏற்கெனவே ஜோசியரிடம் கேட்டு வைத்திருந்தார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத தவிப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஜோசியத்தை நான் எதிர்ப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்: பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பலிக்காததை எண்ணாமல் விடும் பழக்கத்தை அது நம் மனதுக்குள் வளர்க்கிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்டவரிடம் பச்சைக் கோடு போட்ட வரியை விற்பது மிகச் சுலபம்.

பணம் புகுந்தால் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. இன்டர்மியூன் என்ற கம்பெனி, நுரையீரல் தழும்பேறி மூச்சு அடங்கிப்போகும் ஒரு நோய்க்கு ஆக்டிமியூன் என்ற மருந்தை 330 பேரிடம் சோதித்தது. முன்கூட்டியே எழுதிவைத்த முதன்மைக் கேள்வியில் மருந்து தோற்றது. மரண எண்ணிக்கை மருந்துப் பக்கம் குறைவுதான், ஆனால் பி மதிப்பு 0.08, கோட்டைத் தாண்டவில்லை. ரிசல்ட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு, நோய் லேசாகவும் மிதமாகவும் இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்தார்கள். அங்கே மரணம் 70 சதவீதம் குறைவு. 2002 ஆகஸ்டில் வெளியான பத்திரிகைக் குறிப்பின் தலைப்பிலேயே அந்த 70 சதவீதம் இருந்தது. அப்புறம் அதே லேசு, மிதம் நோயாளிகளை மட்டும் 826 பேர் சேர்த்துப் புது ட்ரையல் நடத்தினார்கள். 2007இல் அதைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. மருந்துப் பக்கம் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட பக்கம் சுமார் 13. என் வகுப்புப் பெண்ணின் இரண்டாவது ஐந்து முறையேதான். அந்தக் குறிப்புக்காகக் கம்பெனியின் முன்னாள் தலைவர் 2009இல் மோசடிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார். 2021இல் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. குறிப்பில் இருந்த எண்கள் பொய்யானவை அல்ல. எத்தனை துண்டு போட்டுப் பார்த்து அந்த எண்ணை எடுத்தார்கள் என்பது அதில் இல்லை.

அப்படியானால் முதன்மைக் கேள்வி எது என்று நமக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களை சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007இல் தொடங்கியது. மருந்து ட்ரையல்களுக்கு 2009இலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எத்தனை பேர், முதன்மை முடிவு எது, எத்தனை வாரத்தில் அளக்கப் போகிறார்கள், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்தார்களா, பிறகு பதிந்தார்களா, எல்லாம் அதில் இருக்கும். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் கூடையின் மேல் பரப்பியிருப்பதைப் பார்த்து விலை பேசுவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். இந்தப் பதிவேடுதான் செவுள்.

இந்த நேர்மையை வெளிநாட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. 1956இல் இதே சென்னையில், காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாக வைத்தார்கள். மறு பாதிக்கு நெரிசலான அவரவர் வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. 1959இல் அறிக்கை வெளியானது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து என்று உலகம் மாறியதற்கு அது ஒரு பெரிய காரணம். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்ததும், அதை அப்படியே உலகத்துக்குச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் போடுகிறோம். இரண்டும் பொதுப் பணத்தில் நடந்தவை. தோல்வியைச் சொன்னால் விலை சரியும் பங்கு எதுவும் அவற்றின் பின்னால் இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிட்டுவிட்டு மீதியைப் பங்குச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், தோல்வியைத் தைரியமாகச் சொல்லும் இப்படிப்பட்ட ஆய்வுகள் எங்கிருந்து வரும்? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அன்று மாலை ஜவுளிக்கடைக்காரர் போன் செய்தார். பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாராம்.

"சார், இதுல முதன்மை முடிவுன்னு போட்டிருக்கறது 24 வாரம். எல்லா வயசுக்காரங்களும். 55 வயசுங்கற பேச்சே இல்ல. பேப்பர்ல 24 வாரத்தைப் பத்தி மூணாவது பக்கம் அடியில ஒரு வரி இருக்கு. வித்தியாசம் இல்லைன்னு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஆனா அந்த 55 வயசுக்குக் கீழ உள்ளவங்களை மட்டும் வெச்சுப் புதுசா ட்ரையல் ஆரம்பிக்கப் போறதா கடைசிப் பக்கத்துல சொல்லியிருக்காங்க. அது சரியான வழிதானே?"

சரியான வழிதான் என்றேன். நாணயத்தை மறுபடி சுண்டப் போகிறார்கள். புது ட்ரையலின் பதிவு எண் வந்ததும் முதன்மை முடிவு என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாதம் ஒரு முறை பார்க்கிறேன் என்றார். நேற்று வரை பதிவு வரவில்லையாம்.