கண்ணாடிச் சீட்டுல ‘ஆக்சிஸ்’னு போட்டிருக்கே, அது என்ன?

கண் டாக்டர் எழுதிக் குடுக்கற சீட்டுல ஸ்பியர், சிலிண்டர், அதுக்குப் பக்கத்துல ஆக்சிஸ்னு ஒரு கட்டம் இருக்கும். எனக்கு வலது கண்ணுக்கு அதுல 20ன்னு போட்டிருந்துச்சு, பாத்ததும் பவர் இவ்ளோ ஏறிடுச்சான்னு பயந்தே போய்ட்டேன். அது பவரே இல்லைங்க, டிகிரி கணக்கு.

ஆக்சிஸ்னா நம்ம அச்சுதான். அச்சு வெல்லம், அச்சடிக்கிறதுன்னு சொல்றோமே அந்த அச்சு வேற, இது வண்டி அச்சு. மாட்டுவண்டில ரெண்டு சக்கரத்தையும் கோக்கற கட்டை இல்லன்னா இரும்பு, சக்கரம் கழண்டு ஓடாம இருக்க முனைல கடையாணி அடிச்சிருப்பாங்க. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்"னு வள்ளுவர் சொன்னதும் இதைத்தான், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்துனா அச்சு முறிஞ்சிரும். மாட்டுவண்டில அச்சு சும்மா நிக்கும், சக்கரம் மட்டும் சுத்தும், ரயில்ல அச்சும் சக்கரமும் சேந்தே சுத்தும். சயின்ஸுக்கு அந்த இரும்பே வேணாம், நடுவுல ஓடற கோடு போதும். பம்பரம் சுத்துறப்ப ஆணி வழியா மேல வரைக்கும் ஒரு கோடு இருக்கறதா நெனச்சுக்கோங்க, அதான் அச்சு.

சரி, கண்ணாடிக்குள்ள எது சுத்துது? எதுவும் சுத்தல. கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவா வளைஞ்சிருக்கணும், சில பேருக்கு ஸ்பூன் முதுகு மாதிரி ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் கம்மியாவும் வளைஞ்சிருக்கும், அதனால ஒரு திசைல இருக்கற கோடு தெளிவாவும் இன்னொரு திசைல இருக்கறது கலங்கலாவும் தெரியும். இதைச் சரி பண்ண சப்பாத்திக் கட்டையை நீளவாக்குல சீவி எடுத்த மாதிரி ஒரு லென்ஸ் வேணும், சீட்டுல போட்டிருக்கற சிலிண்டர் இதான். கட்டையோட நீளத்துல தடவிப் பாருங்க, வளைவே இருக்காது, குறுக்க தடவுனா முழு வளைவு. அந்த வளைவே இல்லாத திசைதான் ஆக்சிஸ், அந்தப் பக்கம் சிலிண்டர் பவர் ஜீரோ, அதுக்குச் செங்குத்தா முழுப் பவர். 180ன்னா படுக்கைவசம், 90ன்னா நேரா மேல கீழ.

இந்தக் கோணம் தப்பக் கூடாது. 30 டிகிரி திரும்பிட்டா கண்ணுல இருந்த அதே அளவு சிலிண்டர் கோளாறு, வேற திசைல, அப்படியே மிஞ்சி நிக்கும், அதாவது சிலிண்டர் போட்டதுக்குப் பலனே இல்ல. எனக்கே இது நடந்துச்சு. வட்ட ஃப்ரேம், ஸ்க்ரூ லூசாகி லென்ஸ் உள்ளயே கொஞ்சம் கொஞ்சமா திரும்பிடுச்சு, ஒரு வாரம் தலைவலி. உங்களுது சிலிண்டர் லென்ஸான்னு தெரியணும்னா கண்ணாடியைக் கைநீட்டிப் பிடிச்சு அது வழியா ஜன்னல் கம்பியைப் பாத்துக்கிட்டே மெதுவா திருப்புங்க, உள்ள தெரியற கம்பி மட்டும் தனியா சாயும்.

இந்த லென்ஸை 1820கள்லயே தன்னோட இடது கண்ணுக்காக யோசிச்சு செய்ய வெச்சவர் ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்து வானியல்காரர். பின்னாடி கிரீன்விச்ல அவர் நிறுத்துன டெலஸ்கோப் வழியா போற கோட்டைத்தான் 1884ல ஜீரோ டிகிரி தீர்க்கரேகைன்னு ஏத்துக்கிட்டாங்க. அந்தக் கோடு ஆரம்பிக்கறதும் முடியறதும் பூமியோட அச்சு வெளிய வர்ற ரெண்டு துருவத்துல.

பூமி அச்சு 23.4 டிகிரி சாஞ்சிருக்கு. சாயாம நேரா இருந்திருந்தா சூரியன் பூமத்தியரேகைக்கு மட்டும்தான் உச்சில வந்திருக்கும், சென்னைல வருஷத்துக்கு ரெண்டு நாள் மத்தியானம் நிழல் காலுக்கடியில போய் ஒளியறது நடந்தே இருக்காது. வேகம் கொறையற பம்பரம் தலையாட்டுற மாதிரி அந்த அச்சும் ஆடுது, ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 26,000 வருஷம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அச்சு கழுத்துல இருக்கு. மேலருந்து ரெண்டாவது எலும்போட பேரே ஆக்சிஸ். அதுலருந்து ஒரு முளை மேல நீட்டிக்கிட்டிருக்கும், முதல் எலும்பு வளையம் மாதிரி அதுல மாட்டியிருக்கும். நீங்க ‘இல்ல’ன்னு தலையாட்டுறப்ப முளை நின்ன எடத்துல நிக்கும், வளையம் மண்டையோட சேந்து திரும்பும், மாட்டுவண்டில சக்கரம் திரும்பற அதே மாதிரி.