அவென்யூ முதல் முட்டுச்சந்து வரை

ஒரு கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். துரத்தப்படும் ஒருவன் அவென்யூவிலிருந்து ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி, லேனில் புகுந்து, கடைசியில் கல்-டி-சாக் ஒன்றில் மாட்டிக்கொள்கிறான். என் முதல் வரைவில் அவன் ‘சாலையிலிருந்து வேறு சாலைக்குத் திரும்பி, சிறிய சாலையில் புகுந்து, முடிவுற்ற சாலையில்’ மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் படித்தபோது, ஓடுகிறவன் நெடுஞ்சாலைத் துறை ஊழியரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அகராதியை மூடிவிட்டு ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஸ்ட்ரீட் ரோமானியர் விட்டுப்போன சொல். இலத்தீனில் ‘வியா ஸ்ட்ராட்டா’ என்றால் கல் பரப்பிய வழி. அதனால்தான் இங்கிலாந்தில் ஊர்விட்டு ஊர் போகும் பழைய ரோமானிய வழிக்கும் வாட்லிங் ஸ்ட்ரீட் என்று பெயர். பிற்பாடுதான் அது ஊருக்குள், இருபுறமும் வீடுகளோடு அடங்கியது. அந்தப் பொருளில் நம் ‘தெரு’ அச்சாகப் பொருந்தும். ‘தெருவே கூடிவிட்டது’ என்கிறோம். அங்கே தெரு என்பது ஆட்கள். ‘ரோடே கூடிவிட்டது’ என்று யாரும் சொல்வதில்லை.

ரோடு வேறு குடும்பம். குதிரையேறிப் போவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அது. ‘ரைடு’ அதன் உறவு. குதிரையில் போய்த் தாக்குவதைச் சொன்ன ‘ரெய்டு’ அதே சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். ஆக, ரோடும் ரெய்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வழி என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ரோட்டுக்கு ஊன்றியது. ஸ்ட்ரீட் கல்லிலிருந்து வந்தது, ரோடு பயணத்திலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் இந்த இரண்டையும் சிரமமில்லாமல் பிரித்துவிட்டார்கள்: பெரும்பாலும் ரோட்டுக்கு வீதி, ஸ்ட்ரீட்டுக்குத் தெரு. கொழும்பில் காலி வீதியும் உண்டு, செட்டியார் தெருவும் உண்டு.

ஹைவேயில் உள்ள ‘ஹை’ உயரமோ நீளமோ அல்ல, முதன்மை. ஹை ஸ்ட்ரீட்டிலும் அப்படியே, நாம் கடைவீதி என்போமே, அது. ‘நெடுஞ்சாலை’ இனி மாறாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டில் ‘ராசகேசரிப் பெருவழி’ என்று வருகிறது. அந்தப் ‘பெரு’வும் இந்த ‘ஹை’யும் சொல்வது ஒன்றைத்தான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அவென்யூ. பிரெஞ்சில் ‘வந்து சேர்வது’ என்ற வினையிலிருந்து பிறந்தது. மாளிகை வாசலை நோக்கி, இருமருங்கும் மரம் நட்டு அமைத்த வரவேற்பு வழிதான் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் அவென்யூ. பிறகு மரம் போய் அகலம் மட்டும் மிஞ்சியது. 1811இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு வரைபடம் போட்டவர்கள் நீளவாக்கில் போவதை அவென்யூ என்றும் குறுக்கே போவதை ஸ்ட்ரீட் என்றும் பெயரிட்டார்கள். அவென்யூவுக்கு 100 அடி அகலம், பெரும்பாலான ஸ்ட்ரீட்டுகளுக்கு 60 அடி.

இதற்குத் தமிழ் தேடியபோதுதான் வேடிக்கை. பழைய அகராதிகளில் ‘சாலை’ என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களில் ஒன்று, இருபுறமும் மரம் நிற்கும் வழி. அவென்யூவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? நாமோ அதை எல்லா ரோட்டுக்கும் வாரிக் கொடுத்துவிட்டோம். இப்போது ‘மரச்சாலை’ என்று ஒரு மரத்தைத் திரும்ப நட்டால்தான் அவென்யூ புரியும்.

லேன் எளிது. வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வழி. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை, கொங்குப் பக்கம் இட்டேரி. கட்டடங்களுக்கு இடையே என்றால் சந்து, முடுக்கு. போக்குவரத்துப் பேச்சில் வரும் லேன் வேறு; அதற்குத் ‘தடம்’ போதும்.

கல்-டி-சாக் பிரெஞ்சில் ‘சாக்கின் அடி’. அந்த ‘அடி’க்குப் பின்புறம் என்ற கொச்சைப் பொருளும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேருக்கு அது பிடிக்கவில்லை. ‘கடக்க முடியாதது’ என்ற பொருளில் ‘அம்பாஸ்’ என்ற சொல்லை முன்வைத்தார். ஆங்கிலேயர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள், ஒன்று தெருவுக்கு, மற்றது பேச்சுவார்த்தை நகராமல் முடங்கி நிற்பதற்கு. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும்: முட்டுச்சந்து. நடந்து போனால் நெற்றி சுவரில் இடிக்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

பூல்வார்டு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. டச்சு மொழியில் ‘போல்வெர்க்’ என்றால் கோட்டை அரண். 1670களில் பதினான்காம் லூயி பாரிஸின் மதில்களை இடித்து, அந்த இடத்தில் மரம் நட்டு உலாவும் வழி போட்டார். மதிலின் பெயர் வழிக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையைச் சுமக்கும் தமிழ்ச் சொல் கிடையாது. அகலம் மட்டும் வேண்டுமென்றால் நெடுநல்வாடையில் ‘ஆறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு’ இருக்கிறது. அதை ‘அகல்தெரு’ என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நண்பர்களிடம் சொன்னேன், இரண்டு பேர் அகல் விளக்கு விற்கும் தெருவா என்று கேட்டார்கள்.

நல்லவேளை, என் கதைக்காரன் பூல்வார்டு பக்கம் போகவில்லை. மரச்சாலையிலிருந்து தெருவுக்குத் திரும்பி, ஒழுங்கையில் புகுந்து, முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டான்.