ஃபீனோ பரிசோதனையில் எண் மட்டும் போதாது

'ஃபீனோ 18, நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் காட்டி, "அப்போ ஆஸ்துமா இல்லைதானே?" என்று கேட்பவர்கள் அதிகம். அந்த எண் அப்படி எதையும் சொல்வதில்லை.

மூச்சுக்குழாயில் ஈசினோபில் (ஒரு வகை வெள்ளையணு) பெருகி வரும் அழற்சி இருந்தால் அதன் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரக்கும். வெளிவிடும் மூச்சில் அதை அளப்பதுதான் ஃபீனோ. அலகு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவை 20, 35. அதிகமாக இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தர வாய்ப்பு அதிகம். குறைவாக இருந்தால் ஈசினோபில் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். வேறு வகை ஆஸ்துமா இருக்கலாம்.

ஊதும் விதம்தான் பெரிய சிக்கல். நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, நொடிக்கு 50 மி.லி. வேகத்தில் 10 நொடி சீராக ஊத வேண்டும். சிறுவர்களுக்கு 6 நொடி போதும். வேகமாக ஊதினால் எண் குறையும், மெதுவாக ஊதினால் ஏறும். கருவி லேசாகத் தடை கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அந்த அழுத்தத்தில் மெல்லண்ணம் (வாயின் மேற்புறத்தின் மென்மையான பின்பகுதி) மூக்குக்குப் போகும் வழியை மூடிக்கொள்ளும். மூடாவிட்டால், நைட்ரிக் ஆக்சைடு மிக அதிகமுள்ள மூக்கு, சைனஸ் காற்றும் கலந்து எண் பொய்யாக உயரும்.

பலமாக ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். பலமாக ஊதிய பிறகு எடுத்தால் எண் இறங்கும். ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, புகை, உடற்பயிற்சி கூடாது. பீட்ரூட், கீரை போன்ற நைட்ரேட் மிகுந்த உணவு எண்ணை ஏற்றும், ஒவ்வாமைச் சளியும் ஏற்றும். புகைப்பழக்கம் இறக்கும். புகைப்பவரின் 'நார்மல்' ரிப்போர்ட்டை நான் எளிதில் நம்புவதில்லை.

சிஓபிடியை, அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை, உறுதிசெய்ய இது உதவாது. அதற்கு மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துக்குப் பிந்தைய ஸ்பைரோமெட்ரியில் எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதிய காற்று), எஃப்விசி (பலமாக ஊதிய மொத்தக் காற்று) விகிதம் 0.7-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஈசினோபில் அழற்சியைக் கண்டறிய, சளியில் ஈசினோபில் எண்ணுவது நல்ல சோதனைதான். ஆனால் சளியை வரவழைக்க உள்ளிழுக்கவைக்கும் உப்புநீர் ஆவி சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும் என்பதால் கண்காணிப்பு தேவை. மூச்சைக் குளிரவைத்து நீராக்கிச் சோதிக்கும் முறை இன்னும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தும் ஃபீனோ 50-க்கு மேலேயே நின்றால், டோஸைக் கூட்டும் முன் இன்ஹேலரைக் கையில் வாங்கி அதன் எண் காட்டியைப் பாருங்கள். தினம் 4 முறை அழுத்த வேண்டிய 120 டோஸ் இன்ஹேலரில், ஒரு மாதம் கழித்தும் 90 மிச்சமிருந்தால் கால் பங்கு மருந்துதான் எடுத்திருக்கிறார்.