கம்யூட்டேட்டர்: திசைமாற்றியா, பிளவு வளையமா?

பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரின் மூடியைப் பிரித்தால், அச்சின் ஒரு முனையில் ஒன்றையொன்று தொடாத மூன்று செம்புப் பட்டைகளும், அவற்றை இரு புறமும் உரசி நிற்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளும் தென்படும். அந்தப் பட்டைகளின் தொகுதியே கம்யூட்டேட்டர். அதைத் தமிழில் ‘திசைமாற்றி’ என்பதா, ‘பிளவு வளையம்’ என்பதா என்பதே இங்கே கேள்வி. உரசும் தகடுகளைத் தூரிகைகள் என்கிறோம்.

‘ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மாற்றிக்கொள்ளுதல்’ எனப் பொருள்படும் ‘கொம்யூட்டாரே’ என்ற லத்தீன் வினையே இச்சொல்லின் மூலம். நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று வருபவரைக் குறிக்கும் ‘கம்யூட்டர்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். அமெரிக்க ரயில்வேக்கள் 19ஆம் நூற்றாண்டில் அன்றாடக் கட்டணங்களை ஒரே தொகையாக மாற்றி விற்ற பருவச் சீட்டிலிருந்து அச்சொல் வந்தது. மின்னியலிலோ, மாற்றப்படுவது மின்னோட்டத்தின் திசை. பாரிசில் இப்போலித் பிக்சி 1832இல் செய்த கைச்சுழற்சி மின்னாக்கி மாறுதிசை மின்னோட்டத்தையே தந்ததால், அதை ஒரே திசையில் பாயவைக்க பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியரின் யோசனைப்படி இந்த உறுப்பு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் இதை மோட்டாரில் பயன்படுத்தினார்.

திசையை ஏன் மாற்ற வேண்டும் என்பதை 1.5 வோல்ட் மின்கலம், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி ஆகியவற்றைக் கொண்டே கண்டுகொள்ளலாம். கம்பியை வட்டச் சுருளாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும், மின்கலத்தின் இரு முனைகளோடு இணைத்த ஊக்குகளின் துளைகளில் தாங்கவைத்து, சுருளுக்குக் கீழே காந்தத்தை வைக்க வேண்டும். இரு முனைகளிலும் எனாமலை முழுவதுமாகச் சுரண்டிவிட்டால், சுருள் பெரும்பாலும் காந்தத்தை நோக்கிப் படுக்கைநிலைக்குத் திரும்பி, சற்றே ஊசலாடி நின்றுவிடும். ஏனெனில் அந்த நிலையைத் தாண்டியதும் விசை சுருளைப் பின்னோக்கித் திருப்புகிறது. சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையை முழுவதும், மறுமுனையின் மேற்பாதியை மட்டும் சுரண்டினால், விரலால் ஒருமுறை தட்டிவிட்டதும் அது தொடர்ந்து சுழலும். ஆயினும் இந்தப் பாதிச் சுரண்டலைக் கம்யூட்டேட்டர் என்பது முழுமையாகச் சரியன்று. அது மின்னோட்டத்தின் திசையை மாற்றுவதில்லை, தவறான அரைச்சுற்றில் மின்னோட்டத்தைத் துண்டிக்க மட்டுமே செய்கிறது. அந்த அரைச்சுற்றைச் சுருள் தன் வேகத்தாலேயே கடக்கிறது. உண்மையான திசைமாற்றம் வேண்டுமானால், ஒரு தக்கையின் மேல் இரண்டு செம்புத் தகடுகளை இடைவெளி விட்டு ஒட்டி, சுருளின் முனைகளை அவற்றோடு இணைத்து, இரு கம்பிகளைத் தூரிகைகளாக எதிரெதிரே உரசவிட வேண்டும். பொம்மை மோட்டாரில் இரண்டுக்குப் பதில் மூன்று பட்டைகள் இருப்பது, எந்த நிலையில் நின்றிருந்தாலும் தட்டிவிடாமலே கிளம்புவதற்காக.

பாடநூல்களில் ‘பிளவு வளையம்’, ‘திசைமாற்றி’ என்ற இரு பெயர்களையும் காணலாம். முன்னது வடிவத்தையும், பின்னது செயலையும் சொல்கின்றன. மிக்சி பழுது பார்க்கும் கடைகளில் இந்த உறுப்பைத் தனியே பிரிக்காமல், சுருளோடு சேர்த்து ‘ஆர்மேச்சர்’ என்றே பேசுவது வழக்கம். கார்பன் பிரஷ் எனப்படும் கரித் தூரிகை தேய்ந்து, அதன் கரித்தூள் பட்டைகளின் இடைவெளியில் படிந்து பொறி பறக்கும்போது பழுதாவது இந்தப் பகுதிதான். அங்கே இருப்பது பல பட்டைகள் கொண்ட உருளை என்பதால், இரண்டாகப் பிளந்த வளையத்தை நினைவூட்டும் பெயர் மாணவரைக் குழப்பக்கூடும்.

ஆகவே ‘திசைமாற்றி’ என்பதையே நான் தேர்வேன். அதிலிருந்து ‘திசைமாற்றல்’ என்ற தொழிற்பெயரும் இயல்பாகப் பிறக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக இப்போது விற்கப்படும் பிஎல்டிசி (தூரிகையற்ற நேர்மின்னோட்ட) மின்விசிறிகளில் தூரிகையும் இல்லை, வளையமும் இல்லை. சுழலும் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உணர்ந்து, டிரான்சிஸ்டர்களே சுருள்களின் மின்னோட்டத்தை மாற்றிவிடுகின்றன. அதற்கும் மின்னணுத் திசைமாற்றல் என்ற பெயர் பொருந்துகிறது.